டாப்பெட் சத்தம் கேட்டா உடனே டைட் பண்ணச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன். போன வாரம் விடியக்காலையில பக்கத்து லயத்துத் தம்பி ஒருத்தன் ஹோண்டா ஈஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிளை செம்மண் ரோட்டுல தள்ளிக்கிட்டே வந்தான், எவ்வளவு மிதிச்சும் ஸ்டார்ட் ஆகல, வேலைக்கு நேரமாச்சுன்னு முகமே வாடிப்போச்சு. "அண்ணே, போன மாசம்தானே டாப்பெட் டைட் பண்ணேன், அதுக்கப்புறம் சத்தமே இல்ல, நல்லாதானே ஓடுச்சு"ன்னு சொன்னான். சத்தமே இல்லன்னு சொன்னதும் எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

டாப்பெட்னா, என்ஜின் வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கிற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற சின்ன கேப்பை வைக்கிற ஸ்குரூ. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு என்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வந்தா பயம். கடைக்குப் போய் சத்தத்தை நிறுத்துங்கன்னு கேட்பாங்க, அவரும் ஓடிவந்த சூட்டோட மூடியைத் திறந்து ஸ்குரூவை ஒரு திருகு திருகி அனுப்பிடுவாரு. எனக்கும் முன்னாடி ஒரு கடையில இப்படித்தான் நடந்துச்சு. ரெண்டு மாசம் என்ஜின் பூனை மாதிரி ஓடுச்சு, அப்புறம் மேடு ஏறல, சூடானா சிக்னல்ல நின்னுடும், கடைசியில கிக்கரை மிதிச்சா எதிர்ப்பே இல்லாம கால் சர்ருனு கீழ இறங்குச்சு. ஹெட்டைக் (சிலிண்டரை மூடுற பாகம்) கழட்டி, எரிஞ்ச புகையை வெளியே விடுற எக்சாஸ்ட் வால்வைக் கையில எடுத்துப் பார்த்தேன், வட்டமா இருக்க வேண்டிய விளிம்புல ஒரு ஓரம் எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி அரிச்சுப் போயிருந்துச்சு. அந்த வால்வை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், யாராவது கேட்டா அதைத்தான் காட்டுவேன்.

என்ன காரணம்னா, எக்சாஸ்ட் வால்வு நெருப்புலயே வேலை செய்யுது, அதோட சூடு பெரும்பாலும் அது தன்னோட சீட்ல, அதாவது ஹெட்ல இருக்கிற வளையத்துல, அழுந்தி உட்காருற நேரத்துலதான் ஹெட்டுக்கு இறங்கும். கேப்பே இல்லாம டைட் பண்ணிட்டா, சூட்டுல வால்வு தண்டு நீளும்போது ராக்கர் அதைப் பிடிச்சு வச்சிக்கும், முழுசா மூட விடாது, அந்த மயிரிழை சந்து வழியா எரியுற கேஸ் பீறிட்டு விளிம்பைத் தின்னுடும், கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள்ள இருக்க வேண்டிய அழுத்தமும், போயிடும். 6000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 6000 சுத்துல, ஓடுற என்ஜின்ல ஒரு வால்வு ஒரு செகண்டுக்கு 50 தடவை திறந்து மூடுது, யோசிச்சுப் பாருங்க. லூஸா இருந்தா சத்தம் வரும், பவர் குறையும், ராக்கர் தேயும், அதுவும் நல்லதில்லதான், ஆனா அது நமக்குக் கேட்கும். டைட்டா இருக்கிறது கேட்கவே கேட்காது. இன்னொண்ணு, வால்வும் சீட்டும் தேய்ஞ்சு வால்வு மேல ஏற ஏற, யாரும் கை வைக்காமலே கேப் குறைஞ்சுக்கிட்டு வரும்.

இதை வீட்டு வாசல்லயே பார்க்கலாம் ஐயா. வேண்டியது ஒரு ஃபீலர் கேஜ் (கனம் குறிச்ச மெல்லிய பிளேடுங்க அடுக்கின கருவி), குடும்பத்தோட கடையில ஒரு வேளை சாப்பிடுற காசுகூட ஆகாது. பழைய கார்புரேட்டர் ஈஎக்ஸ் 5-க்கு ரெண்டு வால்வுக்குமே 0.05 மில்லிமீட்டர், அதாவது ஸ்கூல்ல போட்டோஸ்டேட் எடுக்கிற தாள்ல பாதி கனம். மத்த மாடலுக்கு அளவு வேற, அந்தந்த மேனுவலைப் பார்த்துதான் வைக்கணும். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்ச என்ஜினா இருக்கணும், இது ரொம்ப முக்கியம், சூட்டுல வைக்கிற அளவு அளவே இல்ல. பிளக்கைக் கழட்டிட்டா சுத்துறதுக்கு லேசா இருக்கும். இடது கவர்ல இருக்கிற ரெண்டு மூடியையும் எடுத்துட்டு, உள்ள இருக்கிற பிளைவீல் சக்கரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தி, சின்ன ஓட்டையில "டி" கோடு கவர்ல இருக்கிற வெட்டுக்கு நேரா வரும்போது நிறுத்துங்க. பக்கத்துலயே "எஃப்" கோடும் இருக்கும், அது இக்னிஷனுக்கு, புதுசா செய்றவங்க அதுல நிறுத்திட்டு ஏமாந்து போவாங்க. ஹெட்ல மேலயும் கீழயும் இருக்கிற, 17 நம்பர் ஸ்பேனர் போடுற ரெண்டு மூடியையும் கழட்டி (கீழ் மூடியில எண்ணெய் சொட்டும், துணி வச்சுக்குங்க) ரெண்டு ராக்கரையும் விரலால ஆட்டிப் பாருங்க, ரெண்டும் லேசா ஆடணும், ஆடலன்னா ரெண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் நிலையில நிக்கலன்னு அர்த்தம், இன்னொரு முழுச் சுத்து சுத்தி "டி"க்கு வாங்க. அப்பவும் ஒண்ணு ஆடலன்னா அந்த வால்வு டைட்டுதான், அந்தத் தம்பியோட மோட்டார்ல எக்சாஸ்ட் ராக்கர் அப்படித்தான் கல்லு மாதிரி நின்னுச்சு.

அப்புறம் 0.05 பிளேடை ஸ்குரூ நுனிக்கும் வால்வு தண்டு நுனிக்கும் நடுவுல விட்டு இழுங்க. மூடி வச்ச புஸ்தகத்துக்குள்ள இருந்து ஒரு தாளை உருவுற மாதிரி லேசா பிடிச்சுக்கிட்டே வரணும். சும்மா வழுக்கி வந்தா லூஸு, நுழையவே இல்லன்னா டைட்டு. ஸ்குரூவைப் பூட்டி வைக்கிற லாக் நட்டை லூஸ் பண்ணி, ஸ்குரூவைத் திருப்பி, பிளேடு அந்தப் பிடிப்புக்கு வந்ததும் ஸ்குரூவைப் பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்கணும். இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிடும், அதனால மறுபடி அளக்காம மூடிடாதீங்க, நான் மூணு தடவைகூட பார்ப்பேன்.

கடைக்காரங்க மேல எனக்குக் கோபம் இல்ல, வரிசையா நிக்கிற மோட்டாரை எல்லாம் ஆற வச்சுச் செய்ய அவங்களுக்கு நேரம் ஏது, சத்தத்தை நிறுத்துங்கன்னு கேட்கிறதும் நாமதான். இனிமே "கேஜ் வச்சு அளவு பாருங்க, சாயந்திரம்கூட வந்து எடுத்துக்கிறேன்"னு கேளுங்க. நம்மளுக்கு மோட்டார்னா அதுதான் கை கால். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டி முடிக்கணும், குளுமையில இறங்குற பால் வெயில் ஏறிட்டா சரியா இறங்காது, அன்னைக்கு அஞ்சு மணிக்கு மோட்டார் எடுக்கலன்னா அந்த நாள் சம்பளமே போச்சு. எங்க அப்பா அப்படி ரெண்டு மைல் நடந்தே தீம்பாருக்கு (மரம் வெட்டுற காட்டுக்கு) போனதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஐயா, மேனுவல் எல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் வருது. தமிழ் மட்டும் படிச்ச பெரியவங்க இன்னும் தோட்டத்துல நிறைய பேர் மோட்டார் ஓட்டுறாங்க, அவங்க காலையில முதல்ல கையில எடுக்கிறது உங்க பத்திரிகையைத்தான். ஞாயிறு பதிப்புல அரைப் பக்கம், டாப்பெட், செயின், பிரேக், எண்ணெய்னு வாரம் ஒண்ணா, படம் போட்டு நம்ம பேச்சுத் தமிழ்லயே போட முடியுமான்னு கேட்டுக்கிறேன். படம் பிடிக்க மோட்டார் வேணும்னா என்னோடதைத் தரேன்.

அந்தத் தம்பியோட ஹெட்டைக் கழட்டி, புது வால்வு போட்டு, சீட்ல பேஸ்ட் வச்சுத் தேய்ச்சு மாட்டியாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை காலையில என்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி அவனே கேஜ் பிடிச்சு அளக்கப் போறான், பக்கத்து லயத்துப் பசங்க ரெண்டு பேரும் வரேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்