பாரை விடப் பழகினேன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. நான் புத்தளம் பக்கம், கற்பிட்டியில் நின்றேன். உள்ளங்கைத் தோல் உரிந்து இப்போதுதான் காய்ந்து வருகிறது, அதுதான் தாமதம். அம்மா சுகமாக இருக்கிறா, உன்னை விசாரித்தா.

பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் போகும் இந்தக் கைட் சேர்ஃபிங்கை இந்த வயதில் பழகலாமா, எந்தப் பள்ளியில் சேர்வது என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பழகலாம். நமக்கு 46 தானே. இதற்கு உடம்புப் பலத்தை விட நிதானம்தான் வேண்டும், அது இருபதில் இருந்ததை விட இப்போது நம்மிடம் கூடுதலாக இருக்கிறது. நீச்சல் மட்டும் கட்டாயம். உனக்கு அது சொல்லித்தரத் தேவையில்லை.

பள்ளியைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நாம் பட்டம் விட்டது நினைவிருக்கும். உன் மாமா கட்டித்தந்த கொக்குப் பட்டம், இரவிலும் இறக்காமல் விட்டு, அதில் கட்டிய விண் காற்றில் கூவுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோமே! பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்தும் என்று கற்றுத்தந்தவரும் அவர்தான். அந்தத் தைரியத்தில், கைட்டும் பட்டம்தானே என்று நினைத்துப் போன வருடம் வேறொரு கரையில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரே கைட். இரண்டு மணித்தியாலத்துக்குக் காசு கட்டினேன், கைட்டின் கயிறுகளைப் பிடித்து ஆட்டுகிற கைத்தடியான பார் என் கையில் இருந்தது அரை மணித்தியாலம்தான். அவசரத்துக்குக் கழற்றும் சிவப்புப் பிடியை விரலால் காட்டினார்கள், நாங்கள் ஒருவரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு வீச்சுக் காற்று வந்தது. பட்டம் இழுத்தால் நூலை இறுக்கிப் பிடிப்பதுதானே நம் கைக்குத் தெரிந்தது? பாரை நெஞ்சோடு இறுக்கினேன். கைட் என்னை மணலில் இருபது மீற்றராவது இழுத்துக்கொண்டு போனது. முழங்காலில் ஐந்து தையல்.

கைட் இழுத்தால் பாரை விட வேண்டும், மச்சான். பாரைத் தள்ளிவிட்டால் காற்று கைட்டை விட்டு வழிந்துபோகும், இழுவை குறையும். இழுத்துப் பிடித்தால் கூடும். இந்த ஒன்று கைக்குப் பழகாத வரை மற்ற எதுவும் பயனில்லை. இதைப் பழக்கித் தருகிற பள்ளிதான் நல்ல பள்ளி.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த ஆகஸ்ட்டில் மனைவியின் குடும்பத்தோடு தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோம். அங்கிருந்து கற்பிட்டி கிட்டத்தான். களப்புக்கு மேலே முப்பது நாற்பது கைட், சத்தமில்லாமல். பார்த்துக்கொண்டே நின்றேன், மனம் மறுபடி போய்விட்டது.

இந்த முறை அவசரப்படவில்லை. காசு கட்டாமல் இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து மூன்று பள்ளிகளைக் கவனித்தேன். நீயும் அப்படியே செய். இணையத்தில் வரும் படங்களில் எல்லாப் பள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு காலை காற்று வெட்டி வெட்டி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் அவசரப்படுத்தினார்கள், மறுநாள் அவர்களுக்கு விமானமாம். அங்கே பாடம் எடுக்கும் தம்பி கடலைப் பார்த்துவிட்டு, இன்று பாடமில்லை, காசும் வேண்டாம் என்றான். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

சேரும் முன் அவனிடம் கேட்டவை: ஒரு கைட்டுக்கு எத்தனை பேர் (இரண்டுக்கு மேல் என்றால் திரும்பி நட), கைட்டுக்குக் காற்றடித்துப் பம்ப் பண்ணுகிற நேரமும் பாடத்தில் சேருமா, யாராவது தூரப் போய்விட்டால் படகு எங்கே நிற்கிறது. ஆசிரியர் சான்றிதழ்களில் ஐ.கே.ஓ. என்ற அமைப்பினுடையதுதான் அதிகம் காணலாம். அதைப் பார், ஆனால் அதோடு நிறுத்தாதே. காற்று கரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும் இடத்தில், படகில்லாமல் பாடம் எடுத்தால் அங்கே இறங்கவே இறங்காதே. கரைக்குப் பக்கவாட்டில் வரும் காற்றும், காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போகும் பக்கம் பாறையோ வள்ளமோ இல்லாத வெறும் தண்ணீரும் புதியவருக்கு வேண்டும்.

முதல் நாள் தண்ணீரில் கால் வைக்கவே விடவில்லை. கைட்டை உடம்போடு கோக்கும் இடுப்புப் பட்டியான ஹார்னஸைக் கட்டி, கண்ணை மூடச் சொன்னான். சிவப்புப் பிடியைத் தடவிக் கண்டுபிடித்து முன்னே தள்ள வேண்டும். டக் என்று ஒரு சத்தம், பார் கையை விட்டுப் போகும். திரும்பக் கோத்துவிட்டு, மறுபடி. பத்துத் தடவை. பதினோராவது தடவை கைட் மேலே நிற்கும்போதே தள்ளச் சொன்னான். கைட் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, நனைந்த வேட்டி மாதிரிச் சுருண்டு விழுந்தது. ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த பயம் அத்தோடு போனது.

அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் போர்ட் இல்லாமல், கைட்டே உடம்பை இழுத்துப்போகும் பாடம். எத்தனை தடவை கைட்டைத் தண்ணீரில் போட்டிருப்பேன்! நம் பட்டம் கடலில் விழுந்தால் அதோடு சரி, தாள் கரைந்து ஈர்க்குத்தான் மிஞ்சும். இது மிதக்கிறது, ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் தானே எழும்புகிறது. முன் விளிம்பில் காற்றடைத்த குழாய்தான் காரணம். பிரான்சில் புரூனோ, டொமினிக் என்ற இரண்டு சகோதரர்கள் 1984-இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். உன் மாமா பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது மணித்தியாலத்தில் போர்டில் எழும்பி நின்றேன். ஐந்து விநாடி. ஹெல்மெட் ரேடியோவில் தம்பியின் குரல்: "அண்ணை, கைட்டைப் பார்க்காதேங்கோ, போற இடத்தைப் பாருங்கோ." அடுத்த தடவை முப்பது மீற்றர் போயிருப்பேன். போர்டின் விளிம்பு தண்ணீரைக் கிழிக்கும் சத்தம் காலுக்குக் கீழே கேட்டது. கண் கலங்கிவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்னும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரியாது. காற்றோடு போய்விட்டுப் போர்டைக் கக்கத்தில் வைத்துக் கரையால் நடந்து வருகிறேன். அதற்கு இன்னொரு கிழமையாவது வேண்டும்.

நாம் பட்டம் விட்டது வாடைக்காற்றில். இங்கே பெரிய பருவம் தென்மேற்கிலிருந்து வரும் சோழகம், மே முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. 15 நொட்ஸ், அதாவது மணிக்கு 28 கிலோமீற்றர் காற்று நமக்கு அளவானது. அதனால் அடுத்த ஜூலையில் வா. பிள்ளைகளின் விடுமுறைக்கும் சரியாக இருக்கும். பத்து நாளாவது ஒதுக்கு, இடையில் காற்றில்லாத நாளும் வரும். நீளக்கைச் சட்டையும் தண்ணீரில் போடும் சப்பாத்தும் கொண்டு வா, களப்பின் அடியில் சிப்பி வெட்டும். தம்பியிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். திகதி முடிவானதும் எழுது, அவனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்