உன் வெள்ளி டாலரும் நம் ஊர் ரூபாயும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசானது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நான் நாணயப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்காரும் முதல் ஆள் அவள்தான்.

உன் மருமகன் கொண்டுவந்து தந்த மார்கன் டாலரை, அந்தப் பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1889-ஆம் ஆண்டு டாலர் என்றால் பல லட்சம் போகும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். நாணயத்தைத் திருப்பிக் கழுகுப் பக்கத்தைப் பார். இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே பொடி எழுத்து ஒன்று இருக்கும். உன் படத்தில் அது 'ஓ', அதாவது நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலை. அந்த ஆண்டு அங்கே 1 கோடியே 18 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். லட்சக்கணக்கில் விலை பேசப்படுவது 'சிசி' என்ற எழுத்துள்ள நாணயம். அது நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டியில் அடித்தது, மொத்தமே மூன்றரை லட்சம்.

ஆனால் அடித்த எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் கணக்கு தப்பும். அதே கார்சன் சிட்டியில் 1885-இல் அடித்தது 2,28,000 மட்டுமே. 1889-ஐவிடக் குறைவு, ஆனாலும் விலையில் அதன் பக்கத்தில்கூட வராது. காரணம், அவற்றில் பாதிக்கு மேல் புழக்கத்துக்கே வராமல் அரசுக் கருவூலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 1970-களில் அரசே அவற்றை எடுத்து விற்றது. 1903-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலரும் அப்படித்தான். கிடைக்காத பொருள் என்று சேகரிப்பாளர்கள் ஏங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1962-இன் கடைசியில் கருவூலத்திலிருந்து மூட்டைகள் வெளியே வந்ததும் அதன் விலை சரிந்து விழுந்தது. ஆக, எத்தனை மிஞ்சின என்பதுதான் கேள்வி.

மிஞ்சாதவை எங்கே போயின தெரியுமா? பெரும்பகுதி நம் நாட்டுக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் முண்டியடித்தார்கள். அரசின் வெள்ளி இருப்பு வற்றும் நிலைக்கு வந்துவிட்டது. 1917-இன் இறுதியில் ஒரு ரூபாய் நோட்டு பிறந்ததே இந்தத் தட்டுப்பாட்டால்தான். பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் பிட்மன் சட்டத்தை நிறைவேற்றி, 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் 25 கோடிக்கும் அதிகமான டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, கட்டிகளாக இந்தியாவுக்குக் கப்பலேறி இங்கே ரூபாயாக மறுபிறவி எடுத்தது. எந்த ஆண்டு நாணயம், எந்த நாணயச் சாலையுடையது என்று குறித்து வைக்காமலே உருக்கிவிட்டார்கள். அதனால்தான் எது அரிது, எது மலிவு என்று கண்டுபிடிக்கச் சேகரிப்பாளர்களுக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

உன்னிடம் ஐந்தாம் ஜார்ஜின் 1918 ரூபாய்கள் சில இருக்கின்றனவே, அவற்றிலும் அந்த வெள்ளி கலந்திருக்கக்கூடும். எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனாலும் உன் டாலரின் விலையைவிட இந்தச் செய்தியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, விலைக்கு வருகிறேன். முதலில் எடை போடு. 26.73 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி என்பதால் சுத்த வெள்ளி 24 கிராம். அன்றைய வெள்ளி விலையை அதனால் பெருக்கினால் கிடைப்பது அடிமட்ட மதிப்பு. அதற்கு மேல் எவ்வளவு என்பது நாணயத்தின் நிலையைப் பொறுத்தது. விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பார். புழங்காத நாணயமானால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல ஒளிக்கீற்றுகள் சுழலும். முன்பக்கத்துப் பெண் உருவத்தின் காதுக்கு மேலே இருக்கும் கூந்தல் மழுங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று முடிவு கட்டிவிடாதே. நியூ ஆர்லியன்ஸில் பலவற்றை அழுத்தம் போதாமல்தான் அடித்தார்கள். அங்கே மழுங்கியிருந்தும் ஒளி சுழன்றால் நல்ல நாணயம்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டோ, விபூதி போட்டோ அதைத் தேய்த்துவிடாதே. படிந்திருக்கும் கருமையும் பழுப்பும் அப்படியே இருக்கட்டும். தேய்த்த மறுகணம் அந்த ஒளி போய்விடும், திரும்ப வராது. வெறும் வெள்ளி விலைதான் மிஞ்சும். நகைக்கடையில் உரைகல்லில் உரசவும் விடாதே. விளிம்பில் பிடி, இரு பக்கத்திலும் விரல் படக்கூடாது.

கடைசியாக, இதைப் பார்த்து ஆசைப்பட்டு 'சிசி' ஒன்று வாங்கலாம் என்று தோன்றினால், தனியாகப் போய் வாங்காதே. வேறு நாணயச் சாலையின் நாணயத்தில் அந்த எழுத்துகளை ஒட்டி விற்பவர்கள் உண்டு. தரச்சான்று நிறுவனத்தின் உறையில் இருப்பதை மட்டும் பார்.

கூந்தலையும் கழுகின் மார்பையும் பகல் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பு. எந்தத் தரம் என்று ஏறக்குறையச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்