முகிலுக்குள் 130 கோடி வோல்ட்

உதகை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. முடித்த உன் மகள், முனைவர் பட்டம் என்றால் துகள் இயற்பியல், துகள் இயற்பியல் என்றால் ஜெனீவா என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தாய். அந்த ஆசையில் தவறில்லை. இந்தியா 2017 முதல் ஜெனீவாவில் உள்ள துகள் ஆய்வு மையமான செர்ன் நிறுவனத்தின் இணை உறுப்பினராக இருப்பதால், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தாலே செர்னில் துகள்களை மோதவிட்டு ஆராயும் சி.எம்.எஸ். ஆய்வில் பங்கு பெற முடியும். ஆனால், செர்னில் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள் என்பதையும் அவளிடம் சொல்லிவை. சாலிடரிங் கம்பியைக் கையில் எடுத்தால் சாப்பாட்டை மறந்துவிடும் பெண், அந்தக் கூட்டத்தில் கணினித் திரையை மட்டுமே பார்த்து ஐந்தாறு ஆண்டுகளைக் கழிக்க நேரலாம்.

அதே டாட்டா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் எங்கள் ஊரில், 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரேப்ஸ்-3 என்று பெயர். துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சின்டிலேட்டர்கள் ஏறத்தாழ 400-உம், மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்களை) எண்ணும் 560 சதுர மீட்டர் பரப்புள்ள தொலைநோக்கியும், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பொழியும் துகள்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கின்றன. இடிமுகிலுக்குள் இருக்கும் மின்புலம் மியூவான்களின் ஆற்றலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. நேர்மின் மியூவான்கள் எதிர்மின் மியூவான்களைவிடச் சற்று அதிகம் என்பதால், அந்த மாற்றம் முழுவதும் ஈடாகிவிடாமல் எண்ணிக்கையில் தெரிகிறது. 2014 டிசம்பர் 1 அன்று உதகையின் மேல் வந்த ஒரு முகிலில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இவ்வழியில்தான் கணித்து 2019-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் சொன்னது 1929-இல்! நம் ஊர் மழையை இப்படியும் படிக்கலாம் என்று கல்லூரியில் நமக்கு யாரும் சொல்லவில்லை.

அணுவைவிடச் சிறியவற்றோடு அவள் நின்றுவிட வேண்டியதும் இல்லை. சூரியக் காற்றின் துகள்களை ஆதித்யா-எல்1 விண்கலத்தில் உள்ள ஆஸ்பெக்ஸ் கருவி அளக்கிறது. அதைச் செய்தது அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். பால், மை போன்றவற்றில் மிதக்கும் கூழ்மத் துகள்களுக்குப் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனமும், மின்னேறிய வாயுவில் தூசு மிதக்கும் தூசுப் பிளாஸ்மாவுக்குக் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி அவளுக்கே தெரிந்திருக்கும்: நெட், கேட், ஜெஸ்ட், டாட்டா நிறுவனத்தின் தனித் தேர்வு. உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. நாம் வாங்கியதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

எங்கே நேர்காணலுக்குப் போனாலும், நெறியாளரின் முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்பதை அந்த மாணவர்களிடமே விசாரிக்கச் சொல். நிறுவனத்தின் பெயரைவிட நான் அதற்கே அதிக மதிப்பெண் தருவேன். விண்ணப்பம் எழுதும் முன் அவளை ஒரு வாரம் என்னிடம் அனுப்பு. ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, அந்தக் கருவிகளை நேரில் காட்டி வருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி