ஒரு லிமிட் சுவிட்ச், இரண்டு ஒயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இயந்திரங்களுக்கு பிஎல்சி (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பொருத்தும் பட்டறைகள், நகரும் பாகம் தொட்டதும் சிக்னல் தரும் லிமிட் சுவிட்சின் இணைப்பில்தான் அதிகம் தடுமாறுகின்றன. வேலை எளியது: 24 வோல்ட் டிசி பிளஸிலிருந்து சுவிட்சுக்கு ஒரு ஒயர், அங்கிருந்து பிஎல்சியின் இன்புட்டுக்கு (சிக்னலை வாங்கும் முனை) இன்னொன்று, இன்புட்டின் காமன் முனை 0 வோல்ட்டில். காமனை இணைக்க மறந்துவிட்டு பிஎல்சியின் இன்புட் கார்டையே மாற்றுகிறவர்களும் உண்டு!

230 வோல்ட் கான்டாக்டரை (மோட்டார் போன்றவற்றுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலே) இயக்கிவந்த பழைய சுவிட்சை அப்படியே பிஎல்சிக்கு மாற்றுவதுதான் பெரிய தவறு. பிஎல்சி இன்புட் இழுப்பது பெரும்பாலும் 5 மில்லி ஆம்பியர் அளவுதான். தீப்பொறியில் கருகிய வெள்ளி முனையின் படிவத்தை அந்தச் சிறு மின்னோட்டம் ஊடுருவாது; சிக்னல் வந்தும் வராமலும் படுத்தும். தங்க முலாம் பூசிய முனை கொண்ட சுவிட்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடலாம்.

நகரும் பாகம் எல்லை தாண்டாமல் காக்கும் சுவிட்சுக்கு என்.சி. முனையையே (தொடாதபோது மூடியிருப்பது) எடுங்கள். ஒயர் அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும். என்.ஓ. (தொடாதபோது திறந்திருப்பது) என்றால், அறுந்த விஷயம் மோதிய பிறகே தெரியும். சிக்னல் ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம்.

கை நுழையும் இடத்துக் கதவு சுவிட்சை மட்டும் சாதாரண இன்புட்டை நம்பி விடக்கூடாது. அதற்கு சேஃப்டி ரிலே (சுற்றில் பழுது வந்தாலும் இயந்திரத்தை நிறுத்தும் ரிலே) போன்ற பாதுகாப்புச் சாதனம் கட்டாயம்.

– கருவியியல் பொறியாளர், கோவை