பூட்டில்லாத கன்சோலுக்கு எமுலேட்டர் எழுத விடுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கேம் கன்சோலைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பில் அந்தச் சொல் இருந்தாலே மாற்றச் சொல்கிறார்கள். பயத்துக்குக் காரணம், நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான யூசு என்ற எமுலேட்டர் மீதான வழக்கு. 2024 பிப்ரவரி 26 அன்று நின்டெண்டோ வழக்குப் போட்டது. மார்ச் 4-க்குள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு கடையைச் சாத்தியது. இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்ட வழக்கு அது. எமுலேட்டர் குற்றமா இல்லையா என்று கோர்ட் அலசவே இல்லை.

அந்தக் கேள்வியை முன்பே அலசியாயிற்று. கனெக்டிக்ஸ் நிறுவனம், சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயாஸைக் கழற்றிப் பார்த்து எமுலேட்டர் செய்தது. விற்ற மென்பொருளில் சோனியின் வரி ஒன்றுகூட இல்லை. ஆராய்வதற்காக நகல் எடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தும் என்ன? அடுத்த ஆண்டே சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி மூடியது. சோனியோடு மோதிய இன்னொரு நிறுவனமான பிளீம், வழக்குச் செலவு தாங்காமல் 2001-இல் படுத்தது.

ஆகவே இப்போது நிறுவனங்கள் வேறு வழியில் வருகின்றன. ஸ்விட்ச் கேம்கள் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டவை. திறக்கும் சாவியை யூசு தானே வழங்கவில்லை. பயன்படுத்துபவர் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தச் சாவியை வைத்து கேமை ஓடும்போதே திறந்தது யூசுவின் நிரல். பூட்டை உடைத்தாய் என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்காவில் உடைப்பு ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை கேட்கலாம். பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் எந்தச் சிறு குழுவும் ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடும். அதுதான் உத்தி.

நம் சட்டம் கொஞ்சம் இடம் விடுகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவில் ஏபி, ஏசி என்ற உட்பிரிவுகள், வேறொரு மென்பொருளோடு இணைந்து இயங்கவும் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவும் அனுமதிக்கின்றன. 2012-இல் சேர்த்த 65ஏ, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்னொருவர் உடைக்க உதவுபவர், அவர் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. லேபில் ஒரு நோட்டு போட வேண்டியது இதற்காகத்தான். வெறும் மிரட்டல் நோட்டீஸ் வந்தால் 60-ஆம் பிரிவின்கீழ் நாமே வழக்குத் தொடுக்கலாம்.

எதை அனுமதிக்கலாம்? முதல் மாதத்துக்கு சிப்-8 என்ற எளிய மெய்நிகர் இயந்திரம்: 35 கட்டளை, 4,096 பைட் நினைவகம், 64-க்கு 32 புள்ளித் திரை. ஓட்டிப் பார்க்கும் கேமை மாணவரே எழுதிவிடலாம். பிறகு நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான கேம் பாய். கார்ட்ரிட்ஜில் இருக்கும் 48 பைட் லோகோவைச் சரிபார்ப்பது, கன்சோலைத் தொடக்கும் 256 பைட் நிரலான பூட் ரோம். அந்தப் பூட் ரோமை இணையத்திலிருந்து இறக்கத் தேவையே இல்லை. செயலியின் சிறு நினைவிடங்களான பதிவேடுகளுக்கு ஆரம்ப மதிப்புகளைக் கொடுத்து, ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) 100 என்ற முகவரியிலிருந்து ஓட்டினால் போதும். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: அந்தப் பதிவேடுகளில் ஒன்றான ஸ்டாக் பாயின்டரைப் பூஜ்யமாக விட்டுவிட்டு, கேம் தொங்குகிறது என்று பூட் ரோம் தேடிப் போவார்கள். அதை ஹெக்ஸில் எஃப்எஃப்எஃப்இ என்று வைக்கச் சொல்லுங்கள்.

நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். பயாஸும் ரோமும் (கேமின் நகல் கோப்பும்) இல்லாத எமுலேட்டரும் அப்படித்தான். அதை வைவாவில் குறையாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். ஸ்விட்ச் என்றால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கேம் ஏற்றிய மெமரி கார்டை லேபுக்குள் விடாதீர்கள். அது எமுலேட்டர் விவகாரமே அல்ல, நேரான திருட்டு நகல்.

கடைசியாக, மாணவர்கள் நிரலை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளம். தவறி ஒரு ரோமை ஏற்றிவிட்டு மறுநாள் அழித்தால் அது போகாது, முன்பு சேமித்த பதிவான பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், அல்லது புது ரெப்போ (நிரல் கிடங்கு) தொடங்க வேண்டும். முதல் ரிவியூவுக்கு முன்பே ரெப்போவின் கமிட் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேலூரில் எமுலேட்டர் எழுதுவோர் சிலர்