பைசா செலவில்லாத சோலாருக்குக் கையெழுத்துப் போடும் முன்

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் வீட்டுவசதி சொசைட்டிகளின் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, மொட்டை மாடியை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டு சோலார் முகவர்கள் சொசைட்டி சொசைட்டியாக ஏறி இறங்குகிறார்கள். முதலீடு அவர்களுடையது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று 15 முதல் 25 ஆண்டுகள் வரை நீங்கள் கட்டிவர வேண்டும். புதுக் கட்டடத்துக்கு இது சரிப்படலாம். முப்பது வயது தாண்டிய கட்டடத்துக்கு வேண்டவே வேண்டாம். செம்பூரில் தெருவுக்குத் தெரு ரீடெவலப்மென்ட், அதாவது பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை, நடக்கிறது. ஐந்தாம் ஆண்டில் கட்டடத்தை இடிக்க முடிவானால் மீதி ஆண்டுகளுக்கான நஷ்டஈடு உங்கள் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்தால் எந்த ஆண்டில் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பட்டியல் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பட்டியலே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சொந்தப் பணத்தில் போட்டால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். லிஃப்ட், தண்ணீர் பம்ப், மாடிப்படி விளக்கு ஓடும் பொது மீட்டரின் 12 மாத பில்லை எடுங்கள். சராசரி மாதம் 2,300 யூனிட் என்றால் 20 கிலோவாட் போதும். நிழல் விழாத 2,000 சதுர அடி வேண்டும். மும்பையில் ஒரு கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 1,380 யூனிட் தரும். ஜூலை, ஆகஸ்டில் உற்பத்தி படுத்துவிடும்; நெட் மீட்டர் நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக் கணக்கிடும், ஆகவே ஏப்ரல், மே மாத மிச்சம் அந்தக் கணக்கில் சேர்ந்து நின்று அதை ஓரளவு ஈடுகட்டும். மாடி பெரிது என்று 40 கிலோவாட் போடச் சொல்வார்கள், மசியாதீர்கள். நிதியாண்டு முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்குக் கிடைப்பது அடிமாட்டு விலை.

கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 11 லட்சம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் சோலார் திட்டத்தில் சொசைட்டியின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 வீதம் 3.6 லட்சம் மானியம். யூனிட் 10 ரூபாய் என்றால் மாதம் 23,000 மிச்சம். மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். பில்லில் மாதாமாதம் வரும் நிலையான கட்டணம் மட்டும் குறையாது. ஆனால் மானியம் வருவது மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான், ஆகவே 11 லட்சமும் முதலில் கையில் வேண்டும். உள்நாட்டு செல்லில் செய்த பேனல் இல்லையென்றாலும், மின் பில்லிலும் வங்கிக் கணக்கிலும் சொசைட்டி பெயர் வேறுபட்டாலும் மானியம் வராமல் சிக்கிக்கொள்ளும். கடன் வாங்குவதானால் கன்வேயன்ஸ், அதாவது நில உரிமை மாற்றப் பத்திரம், உங்கள் பெயரில் இருக்கிறதா பாருங்கள். நிலம் இன்னும் பில்டர் பெயரில் இருந்தால் வங்கி தயங்கும்.

கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. 13.8 சதவீதம் என்று இருந்தால் அது பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5, சேவைக்கு 18. பொருள் 70, சேவை 30 என்று பிரித்தால் 8.9 சதவீதம்தான் வரும்.

வேலை கெடுவது பெரும்பாலும் இரும்பில். கடற்காற்றில் பேனலைத் தாங்கும், சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிள் சில மழைக்காலத்திலேயே துரு ஏறும். 80 மைக்ரான் ஹாட்-டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு), ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று எழுத்தில் வாங்குங்கள். மாடியில் வைத்து அறுக்கவோ வெல்டிங் செய்யவோ விடாதீர்கள்; துத்தநாகப் பூச்சு போன இடத்தில்தான் துரு தொடங்கும். ஸ்லாப்பைத் துளைத்தால் வாட்டர்ப்ரூஃபிங் போச்சு, மேல்மாடி வீட்டில் ஒழுகும். கான்கிரீட் கட்டைகள் மேல் நிறுத்தலாம், ஆனால் அந்த எடையையும் காற்றின் விசையையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். பக்கத்துப் பழைய கட்டடம் இருபது மாடியாக எழப்போகிறதா என்றும் விசாரியுங்கள். எழுந்தால் நிழல் விழும்.

பேனல் சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே பெரிய தவணையைக் கொடுங்கள். நெட் மீட்டர் பொருத்தும்வரை 10 சதவீதத்தைப் பிடித்து வையுங்கள்.

மெஸ், அச்சகம் நடத்துபவர்களுக்கு இந்த மானியம் கிடையாது. வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு. பொருத்திய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்ற உத்தேச வருமானக் கணக்கில் வரி கட்டுபவர்களுக்கு அதனால் தனியாகப் பயனில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும். அந்தக் கூட்ட அறிவிப்போடு 12 மாத பில், இரண்டு கொட்டேஷன், ஒப்பந்த வரைவு மூன்றையும் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். அங்கே தீர்மானம் நிறைவேறினால் மழை விட்டதும் வேலையைத் தொடங்கலாம்.