இரும்பு எந்தப் பெட்டில இருக்கு?

டேய் மச்சான்,

உன் மெயில் பாத்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம், இப்ப வாக்கர் இல்லாம நடக்கறாங்களா? பிசியோவ மட்டும் பாதில விட வேணாம்னு சொல்லு, எங்க பெரியம்மா அப்படி விட்டுட்டு இன்னும் மாடிப்படி ஏற முடியாம கஷ்டப்படறாங்க. புது டீம்ல டெஸ்டிங்க யாருமே மதிக்கலன்னு பொலம்பிருந்தல்ல, அதுக்கு ஏத்த ஒரு கதை என்கிட்ட இருக்கு, கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து படி.

அக்கா பசங்களுக்காக வீட்டுல சும்மா கெடந்த பழைய லேப்டாப்ல மைன்கிராஃப்ட் சர்வர் போட்டுக் குடுத்தேன்ல, ஜாவா எடிஷன், ஃபேப்ரிக் (நாம எழுதற கூடுதல் கோட கேமோட சேத்து ஓட்டற கருவி). சாயங்காலம் ஆனா பசங்களும் அவங்க ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸும் கூடிருவாங்க. ரெண்டே ரெண்டு கம்ப்ளெய்ன்ட்தான் தெனமும். இரும்ப எந்தப் பெட்டில வெச்சேன்னு தெரியல (ஒரு பெட்டிக்கு 27 ஸ்லாட், அப்படி வீடு பூரா பெட்டி, ஒருத்தனும் அடுக்கி வெக்க மாட்டான்). இன்னொண்ணு, செத்துட்டேன், சாமான்லாம் எங்க விழுந்துச்சுன்னு தெரியல. சரி இதுக்கு ஒரு ஹெல்ப்பர் மாட், அதாவது அந்த மாதிரி கூடுதல் கோடு, பண்ணிரலாம்னு உக்காந்தேன். பண்றதுன்னா நான் எங்க பண்ணேன், ஏஐ ஏஜென்ட்தான் டெர்மினல்ல ஃபைல் எழுதுது, பில்ட் ஓட்டுது, எரர் படிக்குது, திரும்ப எழுதுது. பசங்க சிஸ்டத்துல எதுவும் இன்ஸ்டால் பண்ணக்கூடாது, எல்லாம் சர்வர் பக்கமே இருக்கணும்னு மட்டும் சொல்லிட்டேன். புது பிளாக்கு, ஐட்டம்னு எதுவும் சேக்காம வெறும் கமாண்டும் சாட் மெசேஜும்னா அது தாராளமா நடக்கும்.

ஆரம்பத்துல ஒரே பழைய கோடு. 2024 ஏப்ரல்ல வந்த மைன்கிராஃப்ட் 1.20.5-லயே ஐட்டத்தோட டேட்டாவ என்பிடி டேக்குங்கற பழைய முறைல இருந்து காம்பொனென்ட்டுங்கற புது முறைக்கு மாத்திட்டாங்க, இது என்னடான்னா வீடு மாறிப் போனவனுக்குப் பழைய அட்ரஸ்லயே லெட்டர் போட்டுட்டு இருக்கு. ஆனா அது ஒரு தொல்லையே இல்ல, கம்பைல் ஆகாது, செவப்பா எரர் வரும், அதுவே படிச்சு அதுவே திருத்திக்கும், நான் கையே வெக்கல.

தொல்லை எங்க வந்துச்சுன்னா பெட்டி தேடறதுல. சுத்தி அம்பது பிளாக் தூரத்துக்குத் தேடச் சொன்னேன். அது ஒவ்வொரு பிளாக்கா போய் நீ பெட்டியா நீ பெட்டியான்னு கேட்டிருக்கு, மூணு பக்கமும் 101 வெச்சுப் பெருக்கிப் பாரு, பத்து லட்சத்தத் தாண்டிரும். மைன்கிராஃப்ட் செகண்டுக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட், அதுக்குள்ள மாடு, கோழி, தண்ணி, ஜோம்பி எல்லாத்தையும் ஒரே த்ரெட்ல (ஒண்ணு பின்னால ஒண்ணா வேலை நடக்கற ஒரே வரிசைல) நகத்தியாகணும். இதுல லோட் ஆகாத சங்க்ல (உலகத்தப் பிரிச்சு வெச்சிருக்கற நெலத் துண்டுல) போய் ஒரு பிளாக்கக் கேட்டா சர்வர் எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த நெலத்த லோட் பண்ணும், இல்லன்னா புதுசாவே உருவாக்கும். ஒரு வாண்டு கமாண்ட் அடிச்சான், ஊரே நின்னு போச்சு, லாக்ல 'கான்ட் கீப் அப்'னு வரிசையா.

லாக எடுத்துக் குடுத்து சரி பண்ணச் சொன்னேன். தேடற வேலைய தனி த்ரெட்டுக்குத் தள்ளிட்டு, லேக் (கேம் தடுமாறறது) போயிருச்சுன்னு பெருமையா ரிப்போர்ட் குடுத்துச்சு. உண்மைதான், லேக் போயிருச்சு. பெட்டியும் போயிருச்சு! எதக் கேட்டாலும் 'கிடைக்கவில்லை'. விஷயம் என்னன்னா, பெட்டிங்கறது பிளாக் என்டிட்டி, அதாவது தனக்குன்னு தனி டேட்டா வெச்சிருக்கற பிளாக்கு, சர்வரோட சொந்த த்ரெட்ட விட்டுட்டு வேற த்ரெட்ல இருந்து கேட்டா கேமே அமைதியா நல் (ஒண்ணுமில்லங்கற பதில்) குடுத்துரும். கிராஷ் கெடையாது, எரர் கெடையாது, எச்சரிக்கைகூட கெடையாது. கொடும என்னன்னா இதுக்கு யூனிட் டெஸ்ட் வேற அதுவே எழுதி வெச்சிருந்துச்சு, ஒரு போலி உலகத்த மாக் பண்ணி, அந்த உலகத்துல எங்க கேட்டாலும் பெட்டி இருக்கும், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அங்கதான்டா உன் ஞாபகம் வந்துச்சு, எதுக்கு டெஸ்ட் எழுதறோம்னே தெரியாம எழுதற டெஸ்ட்டுன்னு நீ திட்டுவியே, அச்சு அசல் அதான்.

அப்புறம் மாக்கெல்லாம் தூக்கிப் போடச் சொல்லிட்டு கேம்டெஸ்ட்டுக்கு மாறினோம். மொஜாங்கே தன் கேம சோதிக்க வெச்சிருக்கற ஏற்பாடு அது, ஃபேப்ரிக்ல ஸ்க்ரீனே இல்லாம ஓட்டலாம். நெஜ சர்வர் எழுந்திரிக்கும், குட்டியா ஒரு எடம் போடும், அதுல பெட்டி வெச்சு இரும்பு போட்டு, கமாண்ட் என்ன பதில் சொல்லுதுன்னு பாக்கும், குறிச்சு வெச்ச டிக்குக்குள்ள முடியலன்னா ஃபெயில். அத ஓட்டின ஒடனே செவப்பு, செவப்பப் பாத்த ஒடனே ஏஜென்ட் ஒழுங்கா காரணத்தத் தேடி, சங்க்ல இருக்கற பிளாக் என்டிட்டி லிஸ்ட்ட மட்டும் மெயின் த்ரெட்லயே பாக்கற மாதிரி மாத்திருச்சு. பத்து லட்சம் கேள்விக்குப் பதிலா அம்பது அறுபது சங்க்கு, அதுவும் லோட் ஆனது மட்டும்.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அக்கா பொண்ணு வந்து சண்ட. "நான் ஒளிச்சு வெச்ச பெட்டிய ஏன் மாமா அவனுக்குக் காட்டிக் குடுக்குற?" நியாயமான கேள்விதானே. அவ மண்ணுக்கடில வைரம் பொதச்சு வெச்சிருக்கா, கூட ஆடற ஒரு பையன் வீட்டுல உக்காந்து கமாண்ட் அடிச்சு எடம் கண்டுபிடிச்சு எடுத்துட்டான். ஒளிச்சு வெக்கிறதுதான் பாதி ஆட்டமே. அப்புறம் அவளே சொன்னா, அவன் தொறந்து பாத்த பெட்டிய மட்டும் அவனுக்குச் சொன்னா போதாதான்னு. யோசிச்சுப் பாரு, தேடலே தேவையில்ல இப்ப! பெட்டிய மூடும்போது உள்ள இருந்தத அந்த ஆள் பேர்ல குறிச்சு வெச்சுக்கிட்டா போதும். நடுவுல வேற யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா பதில் தப்பா இருக்கும், அதனால 'கடைசியா நீ பாத்தப்ப இங்க இருந்துச்சு'ன்னு சொல்ல வெச்சிருக்கேன். ஏஜென்ட்ட எவ்வளவு நேரம் ஓட்டிருந்தாலும் இது வந்திருக்காது, ஏன்னா தேடலை வேகமாக்குன்னுதான அதுகிட்ட சொல்லிட்டு இருந்தோம்.

செத்த எடம் காட்டறது ஓரளவு ஓடுது. ஒரு பிரச்சனை பாக்கி. கீழ விழுந்த சாமான் அஞ்சு நிமிஷத்துல மறஞ்சுரும்ல, அது கடிகார அஞ்சு நிமிஷம் கெடையாது, 6000 டிக், அதுவும் அந்த எடம் லோட் ஆகி ஓடிட்டு இருந்தா மட்டும்தான் எண்ணிக்கை ஏறும். ஏஜென்ட் சிஸ்டம் கடிகாரத்த வெச்சு கவுன்ட்டவுன் காட்டிருக்கு. யாரும் பக்கத்துல இல்லாத குகைல சாமான் பத்திரமா கெடக்குது, மாட் டைம் முடிஞ்சுதுங்குது, பையன் அழுதுட்டு லாக்அவுட் பண்ணிட்டான். இப்ப டிக் கணக்குக்கு மாத்தியாச்சு, ஆனா சங்க் லோட் ஆகி எறங்கி மறுபடி லோட் ஆகறத எப்படி ஒழுங்கா டெஸ்ட் பண்றதுன்னு இன்னும் பிடிபடல, கேம்டெஸ்ட்டோட குட்டி எடத்துல அது நடக்கவே மாட்டேங்குது.

அதான் உன்ன கூப்பிடறேன். இந்த சனிக்கிழமை ராத்திரி உனக்கு ஒழியுமா? உன் யூசர்நேம் அனுப்பு, வைட்லிஸ்ட்ல சேத்துடறேன், ஐபி தனியா அனுப்பறேன். வந்து எங்கயாவது தூரமா போய் சாவு, லாக்அவுட் பண்ணு, திரும்ப வா, என்னென்ன ஒடையுதுன்னு எழுதிக் குடு. வைரம் எதுவும் கையில எடுத்துட்டு போகாத, அந்தப் பொண்ணு பாத்தா விட மாட்டா.

அம்மாவ கேட்டதா சொல்லு.